ரஷ்யன் டாய் குட்டி காலையில் தள்ளாடுகிறது, அவசரம்

மொட்டைமாடி: எங்கள் ரஷ்யன் டாய் நாய்க்குட்டி இன்று காலை எழுந்ததும் நடுங்கிக்கொண்டே தள்ளாடியது. பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. கூப்பிட்டால் திரும்பக்கூட இல்லை. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது, இப்போது துள்ளி விளையாடுகிறது. போன வாரமும் ஒருநாள் இப்படித்தான். ஒரு காது வேறு நேற்றிலிருந்து தொங்குகிறது. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ஈரமூக்கு: குட்டிக்கு எத்தனை மாதம்? எடை என்ன? நேற்று இரவு கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டது?

தென்றல்வீடு: குளிராக இருக்கும். இந்த இனத்துக்கு உடம்பில் கொழுப்பே கிடையாது. என்னிடம் இருப்பது வழுவழு முடி வகை, காற்று லேசாக அடித்தாலே நடுங்கும். சட்டை போட்டுவிட்டேன், நின்றுவிட்டது.

நாலுகால்: பின்னங்கால் என்றால் முழங்கால் சில்லு விலகல்தான். சின்ன இனங்களில் மிகவும் சகஜம். நடக்கும்போது ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறதா? வீடியோ போடுங்கள்.

ஈரமூக்கு: சில்லு விலகினால் கால் நொண்டும். கூப்பிட்டதற்குத் திரும்பாமல் போகாது. குளிரில் நடுங்கும் நாயும் பெயர் சொன்னால் பார்க்கும். அதனால்தான் வயதையும் சாப்பாட்டு நேரத்தையும் கேட்கிறேன்.

பழையகை: அவசரம் என்று எழுத நேரம் இருக்கிறது, வயதை எழுத நேரம் இல்லை. முழுதாக வளர்ந்தாலே 3 கிலோவைத் தாண்டக் கூடாத நாய் இது. உயரம் 20 முதல் 28 சென்டிமீட்டர். இப்படி ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் நாலு பக்கமாவது படிக்க வேண்டாமா? இங்கே பதினைந்து வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மொட்டைமாடி: மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். மூன்றரை மாதம், 900 கிராம், நீள முடி வகை. காலை 8, இரவு 8 என்று இரண்டு வேளை சாப்பாடு. கொடுத்தவர் இரண்டு வேளை போதும் என்றார். காது நிற்பதற்காக கால்சியம் சிரப்பும் கொடுக்கிறேன்.

ஈரமூக்கு: விஷயம் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இவ்வளவு சின்னக் குட்டியின் கல்லீரலில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரை மிகக் குறைவு, தசையும் குறைவு. இரவு முழுக்க வயிறு காலியாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை சரிந்துவிடும். முதலில் பாதிக்கப்படுவது மூளை. நடுக்கம், தள்ளாட்டம், வெறித்த பார்வை எல்லாம் அதனால்தான் வரும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், உயிரே போகலாம்.

இன்றிலிருந்து நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். படுக்கும் முன் ஒரு வேளை, நடு இரவில் ஒரு வேளை, எழுந்த உடனே ஒரு வேளை. மறுபடி தள்ளாடினால் விரலில் கொஞ்சம் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தொட்டு ஈறில் தேய்த்துவிடுங்கள். மயக்கத்தில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். தெளிந்து விழுங்க ஆரம்பித்ததும் சாப்பாடு கொடுங்கள். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று போட்ட இனிப்பு எதையும் தொடாதீர்கள், அதில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் இருந்தால் நாய்க்கு அது விஷம்.

எப்படியும் டாக்டரிடம் இன்றே காட்டுங்கள். குடற்புழு, தொற்று, கல்லீரலுக்குப் போக வேண்டிய ரத்தம் வேறு வழியாகப் போகும் பிறவிக் கோளாறு, இவற்றாலும் இப்படி வரலாம். கடைசியாகச் சொன்ன கோளாறில் சில நாய்களுக்குச் சாப்பிட்ட பிறகு தடுமாற்றம் கூடும். உங்கள் குட்டி சாப்பிட்டதும் தெளிகிறது, அது ஓர் ஆறுதல்.

பழையகை: சர்க்கரை என்று சொன்னது சரி. அந்தக் கால்சியம் சிரப்பை முதலில் நிறுத்துங்கள். குட்டிகளுக்கான முழுமையான உணவில் தேவையான அளவு இருக்கிறது, மேலே கொட்டினால் எலும்பு வளர்ச்சிதான் கெடும். பல் முளைக்கும் பருவத்தில் காது ஏறும், இறங்கும். நீள முடி வகையில் காது முடியின் கனமும் சேர்ந்து இழுக்கும். பொறுத்திருங்கள்.

நாலுகால்: இரண்டு வேளை என்று சொல்லி அனுப்பியவரைத்தான் கேட்க வேண்டும். அப்புறம், இதெல்லாம் சிவாவா குட்டிகளுக்குச் சொல்வதுதானே? ரஷ்யன் டாய் என்பதே நீளக் கால் சிவாவாதான், பெயரை மாற்றி விற்கிறார்கள்.

பழையகை: தெரியாததை எழுதாதீர்கள். இதன் வேர் இங்கிலீஷ் டாய் டெரியர். புரட்சிக்கு முன்பே ரஷ்யாவில் வளர்த்தார்கள். பிறகு இனம் அழியும் நிலைக்கு வந்து, 1950களில் வம்சச் சான்று இல்லாத நாய்களை வைத்துத் திரும்ப உருவாக்கினார்கள். 1958 அக்டோபர் 12 அன்று மாஸ்கோவில், வழுவழு முடி கொண்ட பெற்றோருக்குக் காதில் குஞ்சம்போல முடியுள்ள ஆண் குட்டி பிறந்தது. பெயர் சிக்கி. நீள முடி வகை அதிலிருந்து வந்தது. சர்வதேச நாய்ச் சம்மேளனத்தில் இதன் தரக்குறிப்பு எண் 352, சிவாவாவுக்கு 218. தற்காலிக அங்கீகாரம் 2006இல், முழு அங்கீகாரம் 2017இல்.

நாலுகால்: எண் வேறாக இருந்தால் ரத்தம் வேறாகிவிடுமா? வம்சச் சான்றே இல்லாத நாய்களை வைத்து உருவாக்கினார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

பழையகை: சிவாவாவின் தரக்குறிப்பில் எடை மட்டும்தான் பார்ப்பார்கள், உயரம் கணக்கில்லை. இங்கே உயரமும் கணக்கு. மண்டை அமைப்பும் வேறு. இரண்டையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள், பிறகு பேசலாம்.

தென்றல்வீடு: சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்களேன், அவர் பதற்றத்தில் இருக்கிறார். மொட்டைமாடி, இன்னொன்று: சோபாவிலிருந்து குதிக்க விடாதீர்கள். இந்தக் குட்டிகளின் முன்னங்கால் எலும்பு மிகவும் மெல்லியது. மணிக்கட்டுக்கு மேலே ரத்த ஓட்டமும் குறைவு, உடைந்தால் லேசில் சேராது. என்னுடையது எட்டாவது மாதத்தில் குதித்து உடைத்துக்கொண்டது, தகடு வைத்துத்தான் சரிசெய்தோம். குழந்தைகள் தூக்குவதாக இருந்தால் தரையில் உட்கார்ந்து தூக்கட்டும்.

நாலுகால்: அது உண்மை. சில்லு விஷயத்தையும் டாக்டரிடம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், கை வைத்தாலே தெரிந்துவிடும்.

மொட்டைமாடி: மூன்று நாள் கழித்து வருகிறேன். அன்று மாலை டாக்டரிடம் போனபோது சர்க்கரை சரியாகவே இருந்தது. மறுநாள் நடு இரவு வேளையைத் தூக்கத்தில் தவறவிட்டேன், விடிகாலை மறுபடி தள்ளாடியது. தேன் தடவிக்கொண்டே ஓடினோம். அங்கே போய்ப் பார்த்தபோதும் சர்க்கரை 58தான், 60க்குக் கீழே போனாலே குறைவாம். மலத்தில் புழுவும் இருந்தது, மருந்து கொடுத்திருக்கிறார். இப்போது ஐந்து வேளை, அலாரம் வைத்து எழுகிறேன். இரண்டு நாளாக நன்றாக இருக்கிறது. சிரப்பை நிறுத்திவிட்டேன். ஈரமூக்கு, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஈரமூக்கு: மனசு நிறைந்தது. ஐந்து வேளை கொடுத்தும் மறுபடி வந்தால் பித்த அமிலப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், கல்லீரல் பக்கம் தெளிவாகிவிடும். ஏழு மாதத்துக்கு மேல் பால் பல் விழாமல் புதுப் பல்லுக்குப் பக்கத்திலேயே நின்றால் அதையும் காட்டுங்கள், இந்த இனத்தில் அடிக்கடி நடக்கும். முழங்காலைப் பார்த்தாரா?

நாலுகால்: ஆமாம், சில்லு என்ன ஆயிற்று?

தென்றல்வீடு: ஒரு மாதம் ஆகிவிட்டது. குட்டி எப்படி இருக்கிறது? காது நின்றதா?