இரண்டு வயதுக் குழந்தை, புது நாடு: முதல் ஃபோன் யாருக்கு?

வெளிநாடு வந்து சில மாதங்களே ஆன பெற்றோருக்காக எழுதுகிறேன். குழந்தைக்கு ஒன்றரை, இரண்டு வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல் உங்கள் கையைப் பிடித்து இழுத்துப்போகிறது. ஏதாவது புதிதாகக் கிடைத்தால் உங்களிடம் கொண்டுவந்து காட்டுவதில்லை. இவை ஆட்டிசத்தின், அதாவது பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் வேறுபடும் ஒரு வளர்ச்சி நிலையின், அறிகுறிகளாக இருக்கலாம். உறவினர்கள் "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்பார்கள். உங்களுக்கும் "இடம் மாறினதால இருக்கும்" என்று தோன்றும். இடம் மாறியதால் சில வாரங்கள் குழந்தை ஒட்டிக்கொண்டு அழலாம், தூக்கம் கெடலாம். விரல் நீட்டிக் காட்டாமல் இருப்பதற்கு அதைக் காரணமாக வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் நின்றுபோயிருந்தால் இந்த வாரமே டாக்டரிடம் பேசுங்கள். கூடவே காது பரிசோதனையும் கேளுங்கள். டிவி பாட்டுக்கு ஓடிவருகிறான் என்பது காது முழுக்கக் கேட்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

அமெரிக்காவில் இருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: உதவி தொடங்க ஆட்டிசம் என்ற மருத்துவச் சான்று தேவையில்லை. குழந்தை வளர்ச்சி நிபுணரிடம் நேரம் கிடைக்கப் பல மாதங்கள் ஆகலாம். அந்த வரிசையில் பெயரைக் கொடுத்துவிட்டு, அதே நாளில் உங்கள் மாநிலத்தின் ஏர்லி இன்டர்வென்ஷன் (சிறு வயதிலேயே தொடங்கும் உதவி) அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். மூன்று வயதுக்குள் வளர்ச்சி பின்தங்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் கூட்டாட்சிச் சட்டம் ஏற்படுத்திய சேவை இது. டாக்டர் கடிதம் வேண்டாம், பெற்றோரே கேட்கலாம். சட்டத்தில் குடியுரிமை நிபந்தனையும் கிடையாது, எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கிறோமே என்று தயங்க வேண்டாம். பெயர்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 'ஏர்லி ஸ்டார்ட்', டெக்ஸாஸில் 'ஈ.சி.ஐ.', ஜார்ஜியாவில் 'பேபீஸ் கான்ட் வெய்ட்'. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் இணையதளத்தில் எல்லா மாநிலங்களின் ஃபோன் எண்களும் இருக்கின்றன.

ஃபோனில் நீளமாக விளக்க வேண்டியதில்லை. "என் குழந்தையின் வளர்ச்சி பற்றிக் கவலையாக இருக்கிறது, மதிப்பீடு வேண்டும்" என்றால் போதும். உங்கள் கோரிக்கை பரிந்துரையாகப் பதிவான நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடித்து, குடும்பத்துக்கான சேவைத் திட்டத்தின் முதல் கூட்டத்தையும் நடத்த வேண்டும் என்பது விதி. தேதியைக் குறித்து வையுங்கள். மதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லை. அதன்பின் வரும் சேவைகளுக்குச் சில மாநிலங்களில் வருமானத்தைப் பொறுத்து ஒரு பங்கு கேட்பார்கள், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் திட்டத்தை ஐ.எஃப்.எஸ்.பி. என்பார்கள். குழந்தைக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கே போடும் திட்டம் அது. பெற்றோருக்கான பயிற்சியும் ஆலோசனையும் அதில் சேரும். என்ன வேண்டும் என்று கேட்கும்போது "பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். தலைக்குக் குளிக்கும்போது அலறுகிறான், தாகம் எடுத்தால் காட்டத் தெரியவில்லை, பூங்காவில் கையை உதறிவிட்டு ஓடுகிறான் என்று அன்றாடத்தைச் சொல்லுங்கள். இலக்குகள் அங்கிருந்துதான் வர வேண்டும்.

பலர் மனம் தளர்வது முதல் வாரங்களில்தான். "தெரபிஸ்ட் வாரம் ஒரு மணி நேரம் வருகிறார், சோப்புக் குமிழி ஊதி விளையாடிவிட்டுப் போகிறார், இது தெரபியா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், அதுதான் தெரபி. கவனித்துப் பாருங்கள். அவர் குமிழி ஊதுவார், சட்டென்று நிறுத்துவார், குழந்தையின் முகத்துக்கு நேராகக் குச்சியை வைத்துக்கொண்டு காத்திருப்பார். குழந்தை ஒரு கணம் அவர் கண்ணைப் பார்த்தாலோ, கையை நீட்டினாலோ, ஏதோ ஒரு சத்தம் போட்டாலோ உடனே ஊதுவார். 'நான் கேட்டேன், கிடைத்தது' என்று குழந்தைக்குப் புரியும் இடம் அது. வாரத்தின் மீதி நேரம் குழந்தை உங்களோடுதான் இருக்கிறது, அதனால் அவர் உண்மையில் கற்றுத்தர வந்திருப்பது உங்களுக்கு. வேறு அறைக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், நீங்களும் செய்து பாருங்கள், எங்கே திருத்த வேண்டும் என்று கேளுங்கள். அப்புறம் சட்டை போடும்போது, ஊஞ்சல் தள்ளும்போது, கதவைத் திறக்கும் முன் அதே போல ஒரு நொடி நிறுத்திக் காத்திருங்கள்.

மொழி பற்றி ஒரு வேண்டுகோள். "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று யாராவது சொல்லக்கூடும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில், இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு மேலும் தாமதமாவதாகத் தெரியவரவில்லை. தயங்கித் தயங்கிப் பேசும் ஆங்கிலத்தைவிட, கொஞ்சலும் பாட்டுமாக வரும் தமிழ்தான் இந்தக் குழந்தைக்கு வேண்டும். மதிப்பீட்டின்போது வீட்டு மொழி தமிழ் என்று சொல்லி மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், சட்டத்தில் அதற்கு இடமுண்டு. குழந்தைக்குத் தமிழில் தெரியும் வார்த்தைகளும் கணக்கில் வர வேண்டும்.

முழுமையாகக் குணப்படுத்துகிறோம் என்று மருந்து, ஊசி, ஸ்டெம் செல் விற்பவர்களிடம் பணத்தையும் குழந்தையையும் கொடுக்காதீர்கள். தடுப்பூசியால் ஆட்டிசம் வருவதில்லை. அப்படிப் பயம் கிளப்பிய 1998 கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றது.

மற்ற நாடுகளில் வழி வேறு. இங்கிலாந்தில் ஹெல்த் விசிட்டரிடம் (சிறு குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் நர்ஸ்) தொடங்குங்கள், இரண்டு வயதுப் பரிசோதனை வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைக்கு இ.எச்.சி. (கல்வி, உடல்நலம், பராமரிப்பு) தேவை மதிப்பீட்டைப் பெற்றோரே உள்ளாட்சி மன்றத்திடம் கோரலாம், அதற்கும் மருத்துவச் சான்று கட்டாயமில்லை. ஆஸ்திரேலியாவில் என்.டி.ஐ.எஸ். என்ற தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டம் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது. அங்கே நிரந்தர விசாவுக்கு உடல்நல நிபந்தனையும் உண்டு, ஆகவே பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் முன்பே பேசுங்கள். அதற்குப் பயந்து குழந்தையைக் காட்டாமல் மறைப்பது மட்டும் வேண்டாம்.

அமெரிக்கா பற்றி இன்னொன்று. மூன்றாவது பிறந்தநாளோடு ஏர்லி இன்டர்வென்ஷன் சேவை பெரும்பாலும் முடிந்து, பொறுப்பு பள்ளி மாவட்டத்துக்கு (உங்கள் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) போகும். பள்ளி மாவட்டத்தின் சேவைக்குத் தகுதி இருக்கலாம் என்று தெரிந்தால் பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன் அதற்கான கூட்டம் நடக்க வேண்டும். யாரும் கூப்பிடவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். குழந்தைக்கு ஏற்கெனவே மூன்று வயது தாண்டியிருந்தால் நேரே பள்ளி மாவட்டத்திடம் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். வேலை மாறி வேறு மாநிலம் போவதாக இருந்தால் சேவைத் திட்டம், மதிப்பீட்டு அறிக்கை இரண்டின் நகலையும் கையோடு எடுத்துப்போய், வீடு பார்க்கும் வாரத்திலேயே அங்குள்ள அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.