அலையாத்தி நாற்று நடுவது காட்டைக் காக்குமா?

நெய்தல்வாசி:
அலையாத்தி நாற்று நடும் வேலையைப் போட்டோவுக்காகச் செய்வது என்று சிலர் கிண்டல் செய்கிறார்கள். கடலோரச் சேற்றில் வளரும் இந்தக் காடு உலகத்தில் மிச்சம் இருப்பதே சுமார் 1.47 லட்சம் சதுர கிலோமீட்டர்தான். மீன்குஞ்சும் இறால்குஞ்சும் ஒளிந்து வளர்வது அந்த வேர்களுக்குள். வெட்டியது மனிதன் என்றால் நட வேண்டியதும் அவன்தானே? வியட்நாமின் கான் ஜியோ, போரில் களைக்கொல்லி தெளித்து அழித்த காடு. 1978இலிருந்து கையால் நட்டே மீட்டார்கள். 2000இல் அது யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம்.

சேற்றுக்கால்:
கான் ஜியோவில் காடு இருந்த இடத்திலேயே திரும்ப நட்டார்கள். இப்போது நடப்பது அதுவா? யாரும் சொந்தம் கொண்டாடாத வெறும் சேற்றுவெளியாகப் பார்த்து நடுகிறோம். நானும் ஒரு நடவுக்குப் போனேன். சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் முழ நீளக் குச்சிகளை வரிசை பிடித்துக் குத்தினோம். நாலு மாதம் கழித்துப் போனால் பாதிக் குச்சியைக் காணோம். மீதியில் கொட்டலசு என்ற ஓட்டுயிர் அப்பி, பாரம் தாங்காமல் சாய்ந்து கிடந்தது.

அலையாத்திக்கு எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் சரி என்று நினைப்பதுதான் தப்பு. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தைச் சுற்றிப் பென்சில் பென்சிலாக நிற்கிறதே, அது மூச்சு வேர். கடல் தண்ணீர் இறங்கி வற்றம் வரும்போது அது வெளியே தெரிய வேண்டும். எந்நேரமும் மூழ்கினால் மரம் மூச்சு முட்டிச் சாகும். இலங்கையில் சுனாமிக்குப் பிறகு நட்ட 23 இடங்களை ஆய்வு செய்தார்கள். 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. கடற்புல் மேல் நட்டால் அந்தப் புல்லும் போகும்.

நெய்தல்வாசி:
அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவா?

சேற்றுக்கால்:
மண்வெட்டியை எடுக்கலாமே. பிச்சாவரத்தில் காட்டை மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை காய்ந்து தொட்டி மாதிரி அமுங்கியது. உள்ளே வந்த தண்ணீர் வெளியேறாமல் தேங்கி, உப்பு ஏறி, எதுவும் முளைக்கவில்லை. மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, ஏறி இறங்கும் கடல் தண்ணீரான ஓதம் வந்துபோக வழி செய்த பிறகுதான் காடு திரும்பியது.

குளக்கரை:
இரண்டு பேரும் இறால் குளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லையே! காடு போனதற்கு அது பெரிய காரணம். ஆனால் குளத்தை நம்பிச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வியட்நாமின் கா மாவில் அலையாத்தி மரங்களை வைத்துக்கொண்டே இறால் வளர்க்கிறார்கள்.

சேற்றுக்கால்:
ஓடுகிற குளத்தை நான் கேட்கவில்லை. நோய் வந்து கைவிட்ட குளங்கள் எத்தனை கிடக்கின்றன! அலையாத்திச் சேற்றில் கந்தகம் உண்டு. தோண்டிக் காற்றுப் பட்டால் அமிலமாகும். அப்புறம் இறாலும் கிடையாது, மரமும் கிடையாது. குளத்தின் கரையை உடைத்து ஓதத்தை உள்ளே விட்டால் பக்கத்து மரத்தின் விதை தானாக மிதந்து வரும்.

குளக்கரை:
உடைக்க விடுவார்களா? கைவிட்டாலும் பட்டா குளத்துக்காரர் பெயரில்தானே இருக்கும்? சேற்றுவெளியில் அப்படித் தடுக்கச் சொந்தக்காரர் இல்லை. எல்லாரும் அங்கே போவது அதனால்தான்.

நெய்தல்வாசி:
எங்களிடம் 500 நாற்று பையில் வளர்ந்து நிற்கிறது. அதைச் சொல்லுங்கள்.

சேற்றுக்கால்:
விதை கொடுக்கப் பக்கத்தில் தாய்மரமே இல்லாத, ஆனால் முன்பு காடு இருந்த இடம் ஏதாவது இருக்கிறதா? ஓதம் ஏறி இறங்குகிறதா? இருந்தால் அங்கே நடுங்கள், நானும் வருகிறேன். முதலில் ஒரு கம்பை நட்டு, தண்ணீர் எதுவரை ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சில வாரம் குறித்து வாருங்கள்.