1979இல் ஜப்பானில் செய்த ஃபெண்டரா? பழைய பேஸ் கிட்டார் வாங்க ஆலோசனை தேவை

கேள்வி (பட்டர்வொர்த்):
வணக்கம். ஜார்ஜ்டவுனில் ஒருவர் தம்முடைய ஜாஸ் பேஸ் கிட்டாரை 2,800 ரிங்கிட்டுக்கு விற்கிறார். அமெரிக்க கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் 1979இல் ஜப்பானில் செய்தது என்கிறார். கழுத்தின் பின்புறம் கட்டைவிரல் பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்ததைத் தடவிப் பார்த்ததும் என் மனம் அதிலேயே போய்விட்டது. ஆனால் கம்பிகள் சற்று உயரமாக நிற்கின்றன. வாங்கலாமா?

பதில் (கோலாலம்பூர்):
ஃபெண்டர் ஜப்பான் தொடங்கியதே 1982இல்தான் என்பதால், அவர் சொல்லும் ஆண்டும் நாடும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எழுபதுகளில் கிரெக்கோ, டோக்காய் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் அதே வடிவத்தில் கிட்டார்கள் செய்தன. அவற்றுள் ஒன்றில் யாரேனும் பெயரை மட்டும் ஒட்டியிருக்கலாம். அவை மட்டமானவை அல்ல (என்னிடமே ஒன்று இருக்கிறது), ஆயினும் ஃபெண்டர் விலை கொடுக்க வேண்டியதில்லை.

பதில் (ஆயர் ஈத்தாம்):
நம் ஊர் ஈரப்பதத்தில் கழுத்து வளைவதுதான் என் முதல் கவலை. தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃபிரெட்), கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃபிரெட்டுக்கு மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு முகவரி அட்டை நுழையும் அளவுக்குள் இருந்தால் நல்லது. அதிகமாக இருந்து, கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடும் ஏற்கெனவே முழுமையாக முறுக்கப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள். கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் இரண்டு பிக்கப்களையும் முழு ஒலியில் வைத்தால் இரைச்சல் பெரும்பாலும் அடங்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நேற்று மீண்டும் போனேன். இடைவெளி அட்டையைவிடச் சற்றே அதிகம், ஆனால் ராடு இன்னும் திரும்புகிறது. ஆண்டைப் பற்றிக் கேட்டதும் அவர் சிரித்துக்கொண்டே 1,900க்கு இறங்கினார். வாங்கிவிட்டேன்.