மறு: 'அக்வீசன்ஸ் பயஸ்' – தமிழில் என்ன போடலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

காலநிலை மாற்றம் பற்றியும் அதற்காக அரசு எடுக்கும் நடவடிக்கைகள் பற்றியும் மதுரை மாவட்டக் கிராமங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறேன். அதை வைத்து ஆய்வேடு எழுதுகிறேன், தமிழில். எந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டினாலும் 'ஆமா' என்றே சொல்லிவிடுகிற போக்குக்கு அக்வீசன்ஸ் பயஸ் என்று பெயர். 'ஒப்புதல் சார்பு' என்று எழுதியிருந்தேன். நெறியாளர் சிவப்பு மையில் சுழித்து 'இது என்ன?' என்று கேட்டுவிட்டார். நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

– ஆய்வு மாணவன், திருப்பரங்குன்றம்

* * *

தம்பி,

நெறியாளர் சுழித்தது நியாயம்தான். அந்த இரண்டு சொல்லுக்கும் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. 'சார்பு' பத்தாம் வகுப்புக் கணக்கிலேயே ஃபங்ஷனுக்குப் போய்விட்டது. புள்ளியியல் பேசுகிற இடத்தில் அதையே பயஸுக்கும், அதாவது விடைகள் ஒரு பக்கமாகச் சாய்வதற்கும், போட்டால் படிக்கிறவர் தடுமாறுவார். 'ஒப்புதல்' இன்னும் மோசம். உங்கள் படிவத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள், 'ஒப்புதல் படிவம்' என்று இருக்கும். பேட்டிக்குச் சம்மதம் என்று அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தது அங்கேதான். 'ஒப்புதல் சார்பு' என்றால் அந்தச் சம்மதம் வாங்கியதில் ஏதோ தில்லுமுல்லு என்று தோன்றும்.

இந்த விஷயத்தில் நானே மாட்டிக்கொண்டவன். சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவுக்கு இதே மாதிரி வினாப்படிவத்தைத் தமிழாக்கிக் கொடுத்தேன். என் தமிழ் ஊருக்குள் எடுபடுகிறதா என்று பார்க்க இரண்டு நாள் கூடவே போனேன். மேலூர்ப் பக்கம், பெரியாறு கால்வாய்ப் பாசனம். கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதைத் தாண்டினால் ஒருபோகம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த ஒருபோகத் தண்ணீராவது வருமா என்று வருடா வருடம் வைகை அணை மட்டத்தை விசாரித்துக்கொண்டிருக்கிற ஊர். மழை மாறியதைப் பற்றிக் கேட்க இதைவிடத் தோதான இடம் கிடையாது என்று நினைத்தோம்.

திண்ணையில் ஒரு அப்பத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்க வந்த பெண் நான் எழுதிய வாக்கியத்தைப் படித்தார்: 'கடந்த இருபது ஆண்டுகளில் மழை பெய்யும் முறை மாறியுள்ளது.' அப்பத்தா, 'ஆமாத்தா' என்றார். ஒன்பது கேள்வி தள்ளி அதே விஷயத்தைத் திருப்பிப் போட்டிருந்தோம்: 'மழை எப்போதும்போலவே பெய்கிறது, பெரிய மாற்றம் இல்லை.' சுண்ணாம்பு விரலை வெற்றிலையிலிருந்து எடுக்காமலே மறுபடி 'ஆமாத்தா'. அந்தப் பெண் என்னைப் பார்த்தார், நான் படிவத்தைப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் 'உடன்படுகிறேன்' கட்டத்தில் டிக் விழுந்தது.

படிவத்தை மூடிவைத்த பிறகு, 'இப்பல்லாம் கண்மாய் மறுகால் போகுதா அப்பத்தா?' என்று சும்மா கேட்டேன். அரை மணி நேரம் விடவில்லை. ஐப்பசி அடைமழையில் கலுங்கு தாண்டித் தண்ணீர் போன வருடங்கள், கலுங்கடியில் சேலையை விரித்து மீன் பிடித்தது, அப்புறம் ஒரு வருடம் நாற்றங்கால் காய்ந்து, மறுபடி விதைநெல் வாங்கக் கம்மலை அடகு வைத்தது, அது மூழ்கியது. சொல்ல அவரிடம் அவ்வளவு இருந்தது. எங்கள் வாக்கியங்களுக்கு அவர் சொன்ன 'ஆமா'வில் மட்டும் ஒன்றும் இல்லை. கதை கேட்கிற பிள்ளை உம் கொட்டுவது மாதிரி அது. ராஜா காட்டுக்குப் போனான் என்றால் ஒரு 'உம்', புலி வந்தது என்றால் ஒரு 'உம்'. 'கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், மேல சொல்லு' என்று அதற்கு அர்த்தம். ராஜா போனது சரிதான் என்று பிள்ளை தீர்ப்புச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அதனால் நான் சொல்லும் சொல்: உம்கொட்டல்.

'ஆமாஞ்சாமி' என்று யாராவது சொல்லுவீர்கள். அவர் காரியம் ஆகவேண்டி ஆமாம் போடுகிறவர், அது வசவு. 'தலையாட்டல்' என்றால் பூம்பூம் மாடு ஞாபகம் வரும். அதிலும் பதில் சொல்கிறவரைக் கேலி செய்கிற தொனி இருக்கிறது; போதாததற்கு இப்போது பாதிக் கருத்துக்கேட்பு தொலைபேசியில் நடக்கிறது, தலையை யார் பார்த்தார்கள்? உம் கொட்டுவது மரியாதை. எதிரே பேசுகிறவரை அந்தரத்தில் விடக்கூடாது என்கிற நல்ல குணம். தப்பு அதை எண்ணிக்கையில் சேர்த்தவர் மேல்.

இது நம் கிராமத்து வெகுளித்தனம் என்றும் எழுதிவிடாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து படி போட்டுக் கொடுத்தார். கேள்வியின் பொருளைப் பார்க்காமல் ஒரே பக்கமாக விடை சொல்கிற பழக்கத்தைப் பற்றி 1946இலேயே இன்னொரு அமெரிக்க உளவியலாளர் லீ கிரான்பாக் எழுதிவிட்டார். ஷூமன், பிரெஸ்ஸர் இருவரும் 1981இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இன்னும் சுவாரசியம். நாட்டில் குற்றங்களுக்குச் சமூகச் சூழலைவிடத் தனிமனிதர்களே காரணம் என்று ஒரு பகுதியினரிடம் படித்தார்கள். ஏறக்குறைய 60 சதவீதம் பேர் உடன்பட்டார்கள். தனிமனிதர்களைவிடச் சமூகச் சூழலே காரணம் என்று இன்னொரு பகுதியினரிடம் படித்தார்கள். அதற்கும் ஏறக்குறைய 57 சதவீதம். அவர்களும் திண்ணையில் உட்கார்ந்து உம் கொட்டியவர்கள்தான்.

உங்கள் தலைப்புக்கே வருகிறேன். யேல் பல்கலைக்கழகக் குழுவும் கருத்துக்கணிப்பு நிறுவனமான சி-வோட்டரும் 2021 அக்டோபர் முதல் 2022 ஜனவரி வரை இந்தியாவில் 4,619 பேரிடம் தொலைபேசியில் கேட்டார்கள். புவி வெப்பமாதல் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும், அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றவர்கள் 54 சதவீதம். பிறகு ஒரு சிறு விளக்கத்தைச் சொல்லி, இது நடக்கிறதா என்று கேட்டபோது 84 சதவீதம் ஆமாம் என்றார்கள். அந்த எண்ணைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பத்தாவும் கடைசியில் அந்த 84இல்தான் சேருவார், கம்மல் போன காரணத்தோடு. ஆனால் அதே ஆய்வின் 2023 சுற்றில், 2070வாக்கில் நாட்டின் கார்பன் மாசைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரும் அரசின் உறுதிமொழியை ஆதரித்தவர்கள் 86 சதவீதம். கண்மாய் கண்ணில் படும்; கார்பன் கணக்கு யார் கண்ணில் பட்டது? அங்கே உம் கூடுதலாக விழுந்திருக்கும் என்பது என் ஊகம். வெறும் ஊகம்தான்.

– மேலூரிலிருந்து

* * *

ஐயா சொன்ன கதையை ரசித்துப் படித்தேன். ஆனால் முப்பது வருடம் புள்ளியியல் நடத்தியவள், ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். உம்கொட்டலில் பயஸ் எங்கே? பயஸில் எத்தனையோ வகை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு நாட்டுச்சொல் வைத்தால், இவை எல்லாம் ஒரே குடும்பம் என்று மாணவருக்கு எப்படித் தெரியும்? வள்ளுவர் 118ஆம் குறளில் தராசைச் சொல்லி 'ஒருபால் கோடாமை' என்கிறார். அடுத்த குறளிலேயே சொற்கோட்டம், உட்கோட்டம் இரண்டும் இருக்கின்றன. கோட்டம் என்று வைத்துக்கொண்டால் மாதிரிக் கோட்டம், சொற்கோட்டம், உடன்பாட்டுக் கோட்டம் என்று வரிசையாக வந்து நிற்கும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, கே.கே.நகர்

* * *

அக்கா,

குடும்பப்பெயர் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். உம் கொட்டவில்லை, நிஜமாகவே.

ஆனால் நம் ஊரில் கோட்டம் என்றால் மின்வாரியமும் கோட்டாட்சியர் ஆபீசும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. 'உசிலம்பட்டிக் கோட்டத்தில் உடன்பாட்டுக் கோட்டம் அதிகம்' என்று எழுதிப் பார்த்தேன். யாரையோ இடமாற்றம் செய்த உத்தரவு மாதிரி இருக்கிறது. குடும்பப்பெயராகச் 'சாய்வு' போதும். தராசு முள் சாய்வது எல்லாருக்கும் தெரியும்.

சொற்கோட்டத்தை மட்டும் விடக்கூடாது. கேள்வியில் போடுகிற சொல்லே விடையை வளைப்பதற்கு இதைவிடக் கச்சிதமான பெயர் அமையாது. தம்பிக்கு உதாரணமும் தயார்: 2011இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், 'புவி வெப்பமாதல்' உண்மையா என்று கேட்டபோது குடியரசுக் கட்சிக்காரர்களில் 44 சதவீதம் ஆம் என்றார்கள். 'காலநிலை மாற்றம்' என்று கேட்டதும் 60 சதவீதம். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் எப்படிக் கேட்டாலும் 87க்குப் பக்கத்திலேயே நின்றார்கள்.

ஆக, தலைப்பிலும் அட்டவணையிலும் 'உம்கொட்டுச் சாய்வு', ஓட்டத்தில் எழுதும்போது 'உம்கொட்டல்'. புணர்ச்சி விதிப்படி உங்கொட்டல் என்று எழுதச் சொல்லி ஒருவர் தனிமடல் போட்டிருக்கிறார். அது மாட்டுத்தாவணிப் பக்கம் யாரோ நடத்துகிற ஓட்டல் மாதிரி கேட்கிறது, மன்னிக்கவும்.

தம்பி, வரையறையை இப்படி வையுங்கள்: ஒரு வாக்கியத்துக்கும் அதன் எதிர்வாக்கியத்துக்கும் ஒரே ஆள் உடன்படுவது. உங்கள் படிவங்களில் அப்படி எத்தனை என்று எண்ணி ஒரு பத்தி எழுதினால் நெறியாளர் மறுபடி சுழிக்க மாட்டார்.

* * *

ஐயா, அம்மா, இருவருக்கும் நன்றி. சொல்லை எடுத்துக்கொண்டேன்.

எண்ண உட்கார்ந்தேன். என் படிவத்தில் எதிர்வாக்கியமே இல்லை. இருபத்திரண்டு வாக்கியமும் ஒரே பக்கம் பார்த்துத்தான் நிற்கின்றன. நெறியாளரிடம் இன்னும் சொல்லவில்லை. பொங்கல் கழித்து வாடிப்பட்டிப் பக்கம் மறுபடி போவதாக இருக்கிறேன். நான்கு வாக்கியத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறேன், ஒன்றைக் கேள்வியாகவே மாற்றிவிட்டேன்: 'உங்க ஊர்க் கண்மாய் கடைசியா எந்த வருசம் மறுகால் போச்சு?' இதற்கு உம் கொட்ட முடியாது என்று நினைக்கிறேன். மொழி சரியா, பார்த்துச் சொல்லுங்கள்.