மார்கழி வெயிலில் பொன்முதுகு மரங்கொத்தி

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தோப்பில் பெரும்பாலான தென்னைகள் சாய்ந்துவிட்டன. தலை முறிந்து மொட்டையாக நின்றவற்றில் ஒன்றை மட்டும் வேலியோரம் வெட்டாமல் விட்டோம். பொன்முதுகு மரங்கொத்தி இரை தேடுவதை நான் நிதானமாகப் பார்க்க முடிந்தது அந்த மரத்தால்தான்.

மார்கழியில் அது விடிந்ததும் வராது. பனி விலகி வெயில் மரத்தில் ஏறியபிறகுதான் கெக்கலிக்கிற சத்தம் கேட்கும், அப்புறம் ஜோடியாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆணுக்கு உச்சந்தலை முழுக்கச் சிவப்பு. பெண்ணுக்குப் பின்கொண்டை மட்டும்தான் சிவப்பு, முன்நெற்றி கறுப்பில் வெள்ளைப் புள்ளி. முதுகின் அந்த மஞ்சளைக் காலை வெயிலில் நேரில்தான் பார்க்க வேண்டும். எந்தப் படத்திலும் அது சரியாக வருவதில்லை.

ஓயாமல் கொத்திக்கொண்டிருக்கும் பறவை இல்லை இது. விறைப்பான வாலை மரத்தில் முட்டுக்கொடுத்து, சுற்றிச் சுற்றி மேலேறும். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், தலையைச் சாய்த்து ஒரு பார்வை. பட்டையிடுக்கில் எறும்பு தெரிந்தால் கொத்தவே கொத்தாது, நாக்கை நீட்டி நக்கி எடுத்துவிடும். நாக்கைத் தாங்கும் எலும்பு மண்டையோட்டின் பின்பக்கமாகச் சுற்றி வருவதால்தான் அவ்வளவு நீளம் வெளியே வருகிறது. எச்சில் பசை வேறு. இதன் முக்கிய உணவே எறும்புதான்.

மக்கிய இடத்துக்கு வந்தால் கதை மாறும். அப்போதுதான் பலமான கொத்து, சக்கை சக்கையாகக் கீழே விழும். ஒருமுறை பெண் பறவை கொழுத்த வெள்ளைப் புழு ஒன்றை இழுத்து, மரத்தில் அடித்து அடித்து விழுங்கியது. மக்கும் தென்னையில், தென்னங்குருத்தைக் குடைந்து கெடுக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடும், பட்ட மரத்தை அப்புறப்படுத்துங்கள் என்று வேளாண் துறையில் சொல்வது நியாயமான பேச்சு. மரங்கொத்தி அத்தனை புழுவையும் தின்று தீர்த்துவிடாது. ஆனாலும் எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் இது எங்கே பொந்து குடையும்? தோப்புக்கு ஒன்றாவது நிற்கட்டும் என்பது என் கட்சி. மாசிக்கு மேல் கூடு கட்டும் காலம் தொடங்கிவிடும்.

தை பிறந்து கல்யாண முருங்கை பூத்ததும் தேன் குடிக்கவும் வருகிறது. மைனாக்களோடு சண்டை போட்டுக்கொண்டே குடிக்கும். யாழ்ப்பாணத்திலும் இதே மஞ்சள் முதுகுதான், இலங்கையின் தெற்கே போனால் முதுகு சிவப்பு. நடுவில் கலப்பு நிறத்திலும் உண்டு. வவுனியா, அனுராதபுரம் பக்கம் இருப்பவர்கள் யாராவது பார்த்திருந்தால், இந்தப் பருவத்தில் அங்கே எதைத் தின்கிறது என்று எழுதுங்கள்.