அப்பாவின் இன்டெக்ராவுக்கு எந்த முகம்

குழு: சிவகங்கை வீட்டார்

சனிக்கிழமை

அம்மா: எல்லோருக்கும் ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். நேற்று இரவு இங்கே நியூஜெர்ஸியில் கார்த்திக் வேலையிலிருந்து வரும் வழியில் மான் குறுக்கே பாய்ந்துவிட்டது. பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. வண்டிக்குத்தான் முன்பக்கம் போய்விட்டது.

மீனா அத்தை: முருகா

ராஜா மாமா: எந்த வண்டி?

அம்மா: அப்பாவின் பழைய இன்டெக்ரா கார்

ராஜா மாமா: ஐயோ

மீனா அத்தை: மானுக்கு என்ன ஆயிற்று

நான்: எழுந்து காட்டுக்குள் ஓடிவிட்டது அத்தை. நான் நன்றாக இருக்கிறேன்.

அப்பா: படம் போடு

நான்: 4 படங்கள்

அப்பா: இந்தப் பக்கம் லைட் இரண்டும் போய்விட்டதா

நான்: இரண்டும் போய்விட்டன அப்பா. பம்பர் இரண்டு துண்டு. ஹூட் நடுவில் மடங்கிவிட்டது, இடது ஃபெண்டர், அதாவது சக்கரத்துக்கு மேல் இருக்கும் தகடு, கதவு வரை உள்ளே தள்ளியிருக்கிறது. ரேடியேட்டர் தப்பித்தது, ஏர்பேக் திறக்கவில்லை.

கவிதா அக்கா: நவம்பர் 28, என் கல்யாணத்துக்குள் சரியாகிவிடுமா? நான் அந்த வண்டியில்தான் மண்டபத்துக்கு வருவேன். இதில் மாற்றம் கிடையாது.

அம்மா: முதலில் இன்ஷூரன்ஸ் கேளுங்கள்

நான்: லையபிலிட்டி, அதாவது அடுத்தவர் சேதத்துக்கானது, மட்டும்தான் இருக்கிறது அம்மா. மான் இடித்தால் நம் வண்டிக்கான காம்ப்ரிஹென்சிவ் இருந்தால்தான் தருவார்கள்.

அம்மா: மூன்று வருடத்துக்கு முன்பே நான் சொன்னேன், பழைய வண்டிக்கு எதற்கு என்று அதை நீக்கிவிட்டார் உங்கள் அப்பா.

அப்பா: லதா, நான் இங்கே சிவகங்கையில் கல்யாணப் பத்திரிகை வைத்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரி பேசலாம்.

மீனா அத்தை: தம்பி, தேவகோட்டைக்கு வைத்துவிட்டாயா

நான்: அப்பா, ஒன்று கேட்கிறேன், முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். எப்படியும் பம்பர், ஹெட்லைட், ஹூட், ஃபெண்டர் நான்கையும் மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதை ஜப்பான் முகமாக மாற்றினால் என்ன? இந்த மாடல் அங்கே ஹோண்டா இன்டெக்ரா என்ற பெயரில் விற்றது, அமெரிக்காவில் அக்யூரா. ஜப்பானிலும் 1993ல் நம்முடையது போல நான்கு வட்ட விளக்கோடுதான் வந்தது, அது அங்கே எடுபடவில்லை, 1995ல் ஒரு பக்கத்துக்கு ஒரே நீள விளக்காக மாற்றிவிட்டார்கள், டைப் ஆர் என்ற ஸ்போர்ட்ஸ் ரகம் வந்ததும் அதே வருடம்தான். அமெரிக்காவிலோ 2001 வரை வட்ட விளக்கே ஓடியது. பத்து வயதிலிருந்து அந்த நீள முகத்தின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், உங்களுக்கே தெரியும். பம்பரையும் விளக்கையும் மட்டும் வாங்கினால் உட்காராது, விளக்கின் வளைவுக்கு ஏற்ப ஹூடும் ஃபெண்டரும் வேறு, அதனால்தான் நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு யாரும் சுலபமாகச் செய்வதில்லை. நமக்கோ நான்கும் போய்விட்டது.

ராஜா மாமா: அப்படியே மாட்டிவிடலாமா, வெல்டிங் உண்டா?

நான்: ஹூடும் ஃபெண்டரும் போல்ட்தான் மாமா. ரேடியேட்டரைப் பிடித்திருக்கும் முன் சட்டத்தில்தான் வேலை, விளக்கு உட்காரும் இடம் வேறு. ஸ்பாட் வெல்டைத் துளைத்து எடுத்துவிட்டு ஜப்பான் சட்டத்தின் மேல் பகுதியைப் பற்றவைக்க வேண்டும். அப்புறம் பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கட்டை. அமெரிக்காவில் பம்பருக்குத் தனி விதி உண்டு, முதலில் மணிக்கு 5 மைல் மோதலைத் தாங்க வேண்டும் என்றிருந்ததை 1982ல் 2.5 ஆகக் குறைத்தார்கள். சிலர் கட்டையைக் கழற்றிவிட்டு வெறும் பிளாஸ்டிக்கை மாட்டிக்கொள்கிறார்கள், அதை நான் செய்ய மாட்டேன்.

மீனா அத்தை: பானெட்டைத்தான் ஹூட் என்கிறானா

அப்பா: ஆமாம் அக்கா

ராஜா மாமா: எங்கள் பென்சில்வேனியாவில் வருடா வருடம் சோதனை. அந்த விளக்கோடு போனால் ஸ்டிக்கர் கிடைக்காது.

நான்: நியூஜெர்ஸியில் 2010க்குப் பிறகு சொந்தக் கார்களுக்குப் புகைச் சோதனை மட்டும்தான் மாமா.

ராஜா மாமா: 25 வருடம் தாண்டிய வண்டிக்கு எல்லாம் செல்லும் என்கிறார்களே

நான்: அது வெளிநாட்டிலிருந்து முழு வண்டியைக் கொண்டுவருவதற்கு. இங்கே விற்ற வண்டியில் விளக்கை மாற்றுவது வேறு கதை. விளக்கில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டிஓடி முத்திரை இருக்க வேண்டும், முன் மூலையில் ஆரஞ்சு நிறப் பக்க விளக்கும் ரிஃப்ளெக்டரும் இருக்க வேண்டும். ஜப்பான் பம்பரில் அது கிடையாது, அவர்களுக்கு ஃபெண்டரில் சின்ன இண்டிகேட்டர். நான் வாங்கி வைத்துவிடுவேன்.

அப்பா: 2006லும் இதே ஃபெண்டர்தான்

ராஜா மாமா: மச்சான், அதை இன்னும் மறக்கவில்லையா

அம்மா: பார்க்கிங் தூண் நகர்ந்து வந்து இடித்தது என்று சொன்னவன்தானே நீ

ராஜா மாமா: அக்கா, பனி பெய்திருந்தது

ஞாயிற்றுக்கிழமை

செல்வம் அண்ணா: இப்போதுதான் பார்த்தேன். கார்த்தி, உடம்பு சரிதானே?

நான்: சரிதான் அண்ணா. உங்களைத்தான் கேட்க நினைத்தேன். ஜப்பானில், உங்கள் யோகோஹாமாவில் நோஸ் கட் கிடைக்குமா? முன்பக்கத்தை அப்படியே வெட்டி எடுத்தது, விளக்கு, பம்பர், கட்டை, சட்டம் எல்லாம் சேர்ந்து வரும். தனித்தனியாக வாங்கினால் ஏதாவது ஒரு கிளாம்ப் விட்டுப்போகும். ஏலத்தில் விற்கிறவர்கள் பலர் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், உள்ளூர் முகவரி வேண்டும்.

செல்வம் அண்ணா: கிடைக்கும். கப்பலில் ஆறு வாரம் வைத்துக்கொள்.

கவிதா அக்கா: ஆறு வாரமா. இன்றே அக்டோபர் 26.

செல்வம் அண்ணா: வேறு ஒன்று கேட்கிறேன். இங்கே வண்டி இடப்பக்கம் போகிறது. விளக்கு எந்தப் பக்கம் தூக்கும், பார்த்தாயா?

நான்: பார்த்தேன் அண்ணா, அதுதான் இடிக்கிறது. லோ பீமைச் சுவரில் 25 அடி தூரத்திலிருந்து அடித்தால் ஒரு பாதி தட்டையாக நிற்கும், ஓரத்துப் பாதி மேலே ஏறும், நடந்து போகிறவரும் பெயர்ப் பலகையும் தெரிய வேண்டும் என்பதற்காக. ஜப்பானில் ஓரம் என்பது இடப்பக்கம், அதனால் ஏற்றம் இடப்பக்கம். இங்கே இடப்பக்கத்தில் இருப்பது எதிரே வருகிறவரின் கண். திருகாணியால் கீழே இறக்கினால் கண்ணில் அடிப்பது குறையும், ஆனால் தூரம் தெரியாது. நேற்று மானை நான் பார்த்ததே கடைசி நொடியில்தான். விளக்கைத் திறந்து வலப்பக்கச் சாலைக்கான புரொஜெக்டரை, அதாவது ஒளியைக் குவிக்கும் லென்ஸ் தொகுதியை, உள்ளே வைத்து மூடுகிறவர்கள் உண்டு, வெளிச்சம் சரியாகிவிடும், முத்திரை மட்டும் அப்போதும் இருக்காது.

அப்பா: இங்கே ஓட்டினால் சரியாக இருக்கும் போல. சிவகங்கைக்கு அனுப்பிவிடு.

மீனா அத்தை: எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கிற விளக்கா?

நான்: ஆமாம் அத்தை

மீனா அத்தை: மேலூர் ரோடு

அம்மா: அண்ணி, இப்போது வேண்டாம்

செல்வம் அண்ணா: பரவாயில்லை சித்தி. நானும் அதை நினைத்துத்தான் கேட்டேன். அந்த விபத்தில் போகும் முன் அப்பா பார்த்தது லாரியின் வெளிச்சத்தை மட்டும்தான் என்று கூட வந்தவர் சொன்னார். முகத்தை மாற்று கார்த்தி, பிடித்ததைச் செய். அந்த விளக்கை அப்படியே மட்டும் மாட்டிவிடாதே.

நான்: மாட்ட மாட்டேன் அண்ணா. சத்தியமாக.

அப்பா: செல்வம், உன் அப்பாவுக்கு அந்த வண்டியைக் காட்ட முடியவில்லை. 2000ல் வாங்கியபோது இருந்திருந்தால் முதல் படத்தை அவருக்குத்தான் அனுப்பியிருப்பேன்.

மீனா அத்தை: நம் அப்பாவை 2003ல் நயாகராவுக்குக் கூட்டிப்போனாயே, அந்த வண்டிதானே

அப்பா: அதேதான். தவளை போல முழிக்கிறது என்று சிரித்தார்.

கவிதா அக்கா: தாத்தா சொன்ன தவளைதான் எனக்கு வேண்டும். நான் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அந்த முகத்தோடுதான். கல்யாணத்துக்கு வட்ட விளக்கு போடுங்கள், அப்புறம் தம்பி இஷ்டம்.

நான்: அக்கா, இரண்டு தடவை பெயின்ட் அடிக்க வேண்டும். 25 வருட வெயில் பட்ட கதவோடு புதுப் பெயின்ட் ஒத்துப்போகச் செய்வதே கஷ்டம்.

கவிதா அக்கா: என் செலவு

அம்மா: யாருடைய செலவு என்று அப்பா வந்ததும் பேசலாம்

ராஜா மாமா: ஆலன்டவுன் பக்கம் உடைந்த வண்டிகள் விற்கும் ஒரு யார்டில் 98 மாடல் இன்டெக்ரா நிற்கிறது, முன்பக்கம் நன்றாக இருந்தது, பின்னால்தான் அடி. நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன். ஹூடு, ஃபெண்டர், விளக்கு, பம்பர், நான்கும் இருந்தால் என் வேனிலேயே ஏற்றி வருகிறேன். 2006க்குக் கணக்கு நேராகிவிடும்.

அப்பா: சரி மாப்பிள்ளை. விளக்குக் கண்ணாடி மங்கியிருந்தால் எடுக்காதே.

நான்: மாமா, விளக்கு கட்டும் காதுகள் உடையாமல் இருக்கின்றனவா என்று பின்பக்கம் கை விட்டுப் பாருங்கள். பம்பர் கட்டையும் சேர்த்துக் கேளுங்கள், நம்முடையது வளைந்திருக்கலாம்.

ராஜா மாமா: சரி சரி

செல்வம் அண்ணா: நான் நோஸ் கட் விலை மட்டும் கேட்டு வைக்கவா?

நான்: கேளுங்கள் அண்ணா

அம்மா: எதற்கு

நான்: விலை மட்டும் அம்மா. புரொஜெக்டர் மாற்றிக் கொடுக்கிறவரையும் விசாரிக்கிறேன். கையொப்பம் போட்டது போல யாரும் நினைக்க வேண்டாம்.

அப்பா: நான் 5ஆம் தேதி வந்து வண்டியைப் பார்க்காமல் யாரும் எதையும் வெட்ட வேண்டாம்.

மீனா அத்தை: கார்த்தி, வண்டியை எடுக்கும்போது நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வை

நான்: வைக்கிறேன் அத்தை

மீனா அத்தை: தம்பி, தேவகோட்டை

அப்பா: நாளைக்குப் போகிறேன் அக்கா