மறு: இதய அறுவையில் ‘சர்க்கரைக் கட்டுப்பாடு’ சரிதானா?

வணக்கம்.

இதய அறுவை நோயாளிகளுக்கான நம் துண்டறிக்கை அச்சுக்குப் போவதற்குள் ‘பெரிஆபரேட்டிவ் கிளைசிமிக் கண்ட்ரோல்’ (அறுவைக்கு முன்னும் பின்னும் இரத்தத்தில் சீனியைச் சரியான அளவில் வைத்திருப்பது) என்பதற்கு என்ன தமிழ்ச் சொல் என்று ஒரு முடிவு கட்டிவிடலாம். நம் குழுவின் சென்னை ஐயா சொன்ன ‘சர்க்கரைக் கட்டுப்பாடு’ அகராதிப்படி சரி. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் அது வேறு மாதிரி காதில் விழும்.

இங்கே நீரிழிவு நோய்க்குப் பேரே இனிப்பு நீர். கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) “கட்டுப்பாடு இல்லையா?” என்று கேட்டால், என்னத்தைச் சாப்பிட்டீர்கள் என்றுதான் அர்த்தம். இனிப்பான தே தாரிக் டீயா, கல்யாண வீட்டுப் பாயாசமா? ஆக, கட்டுப்பாடு என்பது நோயாளியின் வாய் சம்பந்தப்பட்டது; தவறினால் குற்றமும் அவருடையது.

அந்தச் சொல்லைக் கொண்டுபோய் பைபாஸ் முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவருக்குப் போட்டால் என்ன ஆகும்? நான் அங்கே வேலை செய்த காலத்தில் செம்பனைத் தோட்டத்து மண்டோர் (கங்காணி) ஒருவர் வந்தார். வாயில் சுவாசக் குழாய், முந்திய இரவிலிருந்து பட்டினி, சீனி 13.4 மில்லிமோல். “ஆபரேஷனுக்கு முன்னாடி எனக்குத் தெரியாம என்னத்தைத் தின்னாரோ மிஸ்ஸி” என்று அவர் மனைவி கூனிக் குறுகி நின்றார். அந்த மனிதர் ஒன்றும் தின்னவில்லை. மார்பெலும்பைப் பிளந்து, இரத்தத்தை இதய நுரையீரல் இயந்திரம் வழியாக ஓடவிட்டால் உடம்பு அதைப் பேராபத்து என்றுதான் எடுத்துக்கொள்ளும். அட்ரினலின், கார்டிசோல் என்ற நெருக்கடிச் சுரப்புகள் ஏறும். கல்லீரல் கையிருப்பில் உள்ள சீனியை இரத்தத்தில் விடும். தசைகள் இன்சுலினுக்கு மசியாது. உடலைக் குளிரவைத்துச் செய்த அறுவை என்றால் இன்சுலின் இன்னும் மந்தம். இரத்த அழுத்தம் விழாமல் இருக்க அட்ரினலின் மருந்து ஓடினால் அதுவும் தன் பங்குக்கு ஏற்றும். இனிப்பு நீரே இல்லாதவருக்கும் இப்படி ஏறுவது உண்டு.

இது ஒரு குறை. இன்னொன்று, ‘கட்டுப்பாடு’ மேலே போவதைத்தான் தடுக்கிறது. கீழே இறங்குவதைப் பற்றி அது பேசுவதே இல்லை. இந்தத் துறையே பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது. 2001-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் அறுவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 1548 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் இதய அறுவை ஆனவர்கள். சீனியை 4.4-க்கும் 6.1-க்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தபோது இறப்பு குறைந்தது. பல நாடுகளில் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். 2009-இல் நைஸ் சுகர் என்ற பெரிய ஆய்வு வந்தது. பலவகைத் தீவிர நோயாளிகள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். இறுக்கிப் பிடித்த பக்கம் இறந்தவர்கள் 27.5 விழுக்காடு, 10 வரை விட்ட பக்கம் 24.9. சீனி அபாயமாக இறங்கியவர்கள் இறுக்கிய பக்கம் 6.8 விழுக்காடு, மற்ற பக்கம் 0.5.

அதற்காக ஏறினால் ஏறட்டும் என்று விடவும் முடியாது. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நீரிழிவு உள்ள இதய அறுவை நோயாளிகளுக்கு இரத்தக் குழாய் வழியாகத் தொடர்ந்து இன்சுலின் ஏற்றியபோது, மார்பெலும்பு ஆழத்தில் புண் பிடிப்பது 2 விழுக்காட்டிலிருந்து 0.8-க்கு இறங்கியது. 1999-இல் வந்த ஆய்வு. இப்போது பொதுவாகச் சொல்வது: 10-ஐத் தாண்டவும் கூடாது, தாழவும் விடக்கூடாது. வீட்டில் சீனி இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், ஒரு மைலோ கலக்கிக் குடித்துக்கொள்ளலாம். மயக்கத்தில் இருப்பவர் யாரிடம் சொல்வார்?

ஆகவே என் பரிந்துரை: ‘அறுவைசூழ் சீனி வரம்புப் பேணல்’. வரம்பு என்றால் மேலும் உண்டு, கீழும் உண்டு. பேணுவது பக்கத்தில் நிற்பவர் வேலை, படுத்திருப்பவர் வேலை அல்ல. யாரோ சொன்ன ‘சர்க்கரை நிர்வாகம்’ வேண்டவே வேண்டாம். தோட்டத்து ஆளுக்கு நிர்வாகம் என்றால் மேனேஜர், கிராணி, சம்பள நாள். கரும்புத் தோட்டத்து ஆபீஸ் போல இருக்கிறது.

‘அறுவைக்கால’ என்று போடாததற்குக் காரணம் உண்டு. அது மேசையில் கிடக்கும் சில மணி நேரத்தைத்தான் காட்டும். இந்த வேலை அதற்கு முன்பே தொடங்குகிறது. எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சீனியின் சராசரி) பார்க்க வேண்டும். எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் என்ற இனிப்பு நீர் மாத்திரைகளை மூன்று நாளாவது முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் சீனி ஏறாமலே இரத்தம் அமிலமாகிவிடலாம். அந்த மாத்திரையை இதயத் தளர்ச்சிக்காக இனிப்பு நீர் இல்லாதவர்களும் சாப்பிடுகிறார்கள். “எனக்குத்தான் சீனி இல்லையே” என்று அவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. பிறகு, ஊசிக்கு மாறும் கட்டம் வரைக்கும் இது நீள்கிறது. நீண்ட நேர இன்சுலின் போட்டு, அது வேலை செய்யத் தொடங்க இரண்டு மணி நேரம் போல விட்டுத்தான் இரத்தக் குழாயில் ஓடுவதை நிறுத்துவார்கள்.

‘இன்சுலின் டிரிப்’புக்கு ‘இன்சுலின் சொட்டு’ என்ற சொல்லும் வேண்டாம். அது சொட்டுவதில்லை. 50 மில்லியில் 50 யூனிட் கலந்து ஊசிக்குழாயில் ஏற்றி பம்பில் மாட்டுவோம். மணிக்கு ஒரு மில்லி என்றால் ஒரு யூனிட். தொடக்கத்தில் மணிக்கொரு தரம் சீனி பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைப்போம். பொட்டாசியம் இறங்காமலும் பார்க்க வேண்டும். ‘இன்சுலின் தொடர்செலுத்தல்’ என்று வைக்கலாமா?

அன்புடன்,
சுங்கை சிப்புட்

* * *

அக்கா, வரம்புப் பேணலுக்கு என் முழு ஆதரவு. சீனி என்பது யாழ்ப்பாணத்திலும் எங்கட சொல்தான், சண்டை இல்லை. ஆனால் ‘அறுவைசூழ்’ என்றதும் எனக்குச் சூழ்ச்சிதான் முதலில் ஞாபகம் வந்தது. ஆபரேஷனுக்குப் பயந்துகொண்டு இருக்கிற சனத்துக்கு அது தேவையா? ‘அறுவை முன்பின்’ போதும். இன்னொன்று, ‘ஸ்ட்ரெஸ் ஹைப்பர்கிளைசீமியா’ (உடம்புக்கு வந்த நெருக்கடியால் சீனி ஏறுறது) என்பதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்? ‘அழுத்த மிகைச்சர்க்கரை’ என்று ஒரு பட்டியலில் பார்த்தேன்.

* * *

தம்பி, சூழ்ச்சி எனக்குத் தோன்றவே இல்லை! சரி, கலைச்சொல் பட்டியலில் ‘அறுவைசூழ்’ இருக்கட்டும். துண்டறிக்கையில் ‘அறுவைக்கு முன்னும் பின்னும்’ என்று விரித்தே எழுதிவிடுகிறேன்.

‘அழுத்த’ என்று தொடங்கினால் இங்கே எல்லாரும் பிரஷர் மாத்திரையைத் தேடுவார்கள். மிச்சப் பேர் மனக்கவலை என்று நினைப்பார்கள். ‘நெருக்கடிச் சீனி உயர்வு’ என்று போட்டிருக்கிறேன். உடம்புக்கு நெருக்கடி, அதனால் சீனி ஏறுகிறது, நெருக்கடி தீர்ந்தால் பலருக்கு இறங்கிவிடும். ஆனால் சிலருக்கு அதுவரை தெரியாமல் இருந்த இனிப்பு நீராகவும் இருக்கலாம். வீட்டுக்குப் போன பிறகு எச்பிஏ1சி பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

சென்னை ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் அனுப்பிய வரைவில் ‘180-ஐத் தாண்டக் கூடாது’ என்று இருக்கிறது. அது மில்லிகிராம் கணக்கு. எங்கள் மீட்டரில் மில்லிமோல். உங்கள் 180 எங்களுக்கு 10, பதினெட்டால் வகுத்தால் வரும். 180 என்று படித்துவிட்டு மீட்டரில் 16-ஐப் பார்க்கிற மகன், அப்பாவுக்குச் சீனி ரொம்ப நல்லா இருக்கிறது என்று தூங்கப் போய்விடுவான். அதனால் இரண்டு அலகையும் போட்டு, எங்கள் 10-ஐ மட்டும் தடித்த எழுத்தில் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.